பேசியவர் பெயர்

மொழியியல் அறிமுக வகுப்பின் முதல் நாளன்று பேராசிரியர் ஜெபராணி இருபத்துநான்கு வருடங்களாக ஒரே வித்தையைத்தான் காட்டிவந்தார். உள்ளே நுழைவார். வருகைப் பதிவேட்டைத் தொடமாட்டார், பெயர் ஊர் விசாரிக்கமாட்டார். "உலகம் உண்டான நாள்லருந்து யாருமே சொல்லாத வாக்கியம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்பார். பிள்ளைகள் முதலில் முழிப்பார்கள். பிறகு ஒருவன் எழுந்து, தன் மாமா வீட்டு மாடு கணக்குப் பரீட்சையில் தோற்றுப்போய் ரயில்வே ஸ்டேஷனில் படுத்துக்கிடக்கிறது என்று எதையாவது உளறுவான். வகுப்பு சிரிக்கும். அடுத்தவள் அதைவிடக் கூடுதலாக உளறுவாள். அரை மணி நேரம் போனதும் ஜெபராணி கையைத் தட்டுவார். "இப்ப நாப்பது புது வாக்கியம் பொறந்திருக்கு. இதுக்கு முன்ன யாரும் காதால கேட்டதில்ல. ஆனா ஒண்ணு விடாம எல்லாருக்கும் புரிஞ்சுது. எப்படி? அதத்தான் மூணு வருஷம் படிக்கப்போறோம்." அவ்வளவுதான், பிள்ளைகள் மடங்கிவிடுவார்கள். வேறு துறைக்கு மாற்றல் கேட்டு எழுதி வைத்திருந்த விண்ணப்பம்கூடப் பைக்குள்ளேயே கிடந்துவிடும்.

அதெல்லாம் முதல் பன்னிரண்டு வருடக் கதை, முன்சொல்லி வருவதற்கு முந்தையது.

முன்சொல்லி என்பது அரசாங்கக் காகிதங்களில் உள்ள பெயர். ஊரில் அதற்குப் பொத்தான் என்றுதான் பேச்சு. காலரில் குத்திக்கொள்ளும் சின்ன வட்டம், நடுவில் ஒரு விளக்கு. நாம் இரண்டு சொல் பேசினால் போதும், மிச்சத்தை நம் குரலிலேயே அது சொல்லி முடித்துவிடும். நாமே பேசி முடித்தாலும் சரி, பேசியதும் அது கணித்ததும் ஒன்றாக இருந்தால் பச்சை எரியும், இல்லையென்றால் சிவப்பு. வந்த புதிதில் தெருவெல்லாம் சிவப்பும் பச்சையுமாக மினுங்கியது. பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது. பொத்தானுக்கு அறிவு கூடிவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். ஜெபராணியின் கட்சி வேறு. பாதி தூரம் பொத்தான் மனிதர்களிடம் வந்தது உண்மைதான், மீதிப் பாதியை மனிதர்கள் நடந்து போய் அதனிடம் சேர்ந்தார்கள் என்பார். ஐம்பது தாண்டியவர்களுக்கு அது கட்டாயமில்லை என்ற ஒரு சலுகை இருந்தது. ஐம்பத்துநான்கு வயது ஆனதில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

முதல் நாள் வித்தையை மட்டும் அவர் விடவில்லை. பொத்தானைத் திரையோடு இணைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார், கிடைத்ததைக் குறித்து வைத்தார். முதல் வருடம் நாற்பது பேரில் முப்பத்தோரு பேர் பொத்தானை ஏமாற்றினார்கள். ஐந்தாம் வருடம் பன்னிரண்டு பேர். அப்புறம் நான்கு. போன வருடம் ஒருத்தர்கூட இல்லை. மாடு, ரயில்வே ஸ்டேஷன், கணக்குப் பரீட்சை எல்லாம் வாயைத் திறப்பதற்குள் திரையில் வந்து நின்றன. வேண்டுமென்றே உளறச் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் எதை எதை உளறுவார்கள் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது.

அந்த வருடம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, கோமதிநாயகம் அவர் அறைக்கு வந்தார். கலைப்புலத்தின் தலைவர். ஆராய்ச்சி செய்த காலத்தில் ஜெபராணிக்கு இரண்டு வருடம் இளையவர், தனியாக இருக்கும்போது இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, வியாழக்கிழமை" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தை அவர் காலர் சொன்னது. "வியாழக்கிழமை ஆட்சிக்குழு கூடுகிறது. உங்கள் துறையை மூடுவது பற்றிப் பேச்சு வருகிறது. நீங்கள் தயாராக வர வேண்டும்."

"அதக் கழட்டி மேசையில வச்சிட்டுப் பேசுதியா, இல்ல எந்திரிச்சுப் போறியா?" என்றார் ஜெபராணி.

அவர் கழற்றி வைத்தார். கழற்றியதும் பல்செட்டை எடுத்தவர் மாதிரி வாய் குழறியது. சொல்லைத் தேடி இரண்டு முறை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"குழுவுல... குழுவுல என்ன கேக்காங்கன்னா அக்கா, மனுசன் பேசப்போறத எல்லாம் முன்சொல்லி முன்னாடியே சொல்லிருது. அப்புறம் மொழியில ஆராய என்ன மிச்சம் இருக்குன்னு கேக்காங்க. கேக்கதுல தப்பில்லையே."

"மழை எப்ப பெய்யும்னு சொல்லிட்டா மழை எதுக்குன்னு கேப்பியா?"

"எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல? நான் உங்க பக்கம்தான். ஒண்ணே ஒண்ணு கொண்டுவாங்க. முன்சொல்லி கணிக்காத ஒரே ஒரு வாக்கியம். இந்த வருஷத்துப் பிள்ளைகள்ல ஒருத்தர் வாயிலருந்து வந்ததா இருக்கணும். அத வச்சு மூணு வருஷம் துறைய நான் இழுத்துப் பிடிக்கேன். இல்லன்னா இந்த அறைய உயிரித் தொழில்நுட்பத்துக்குக் கொடுத்திருவாங்க. அலமாரிய எல்லாம் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

அலமாரி என்று அவர் சொன்னது பதினான்கு இரும்பு அலமாரிகளை. அவற்றில் அட்டைகள் இருந்தன. மொழியியல்காரர்கள் கேட்ட பேச்சை அட்டையில் எழுதி வைப்பார்கள். ஜெபராணியும் பஸ்ஸில், மீன் கடையில், கோயில் கொடையில், கலியாண வீட்டில் எங்கே எதைக் கேட்டாலும் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துவிடுவார். அதனாலேயே நாத்தனார்மார் யாரும் அவர் முன்னால் வாயைத் திறப்பதில்லை. கோமதிநாயகம் போன பிறகு அவர் அலமாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை பத்து மணி வகுப்பு. பத்தொன்பது பேர். மூடப்போகிற துறை என்று தெரிந்தும் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். ஜெபராணி கேள்வியைக் கேட்டார். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து "ஊதா நிற" என்றான். திரையில் "ஊதா நிற இட்லி ஒன்று நிலாவுக்குப் போய்ச் சட்னி கேட்டது" என்று முழுசாக வந்தது. பச்சை. அவன் சொல்ல நினைத்ததும் அதுதான், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அடுத்தவள் பச்சை. அதற்கடுத்தவன் பச்சை. பதினெட்டு பேர் முடிந்தபோது மணி பத்தே கால்கூட ஆகவில்லை. புதிதாக ஒன்றும் சொல்ல முடியாமல் தோற்றுப்போனோமே என்ற வருத்தம் ஒரு முகத்திலும் இல்லை. பச்சை வந்தால் நல்லது என்று சின்ன வயதிலிருந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

கடைசியாக, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், வெயிலில் நன்றாகக் கறுத்தவள். பொத்தானை இடப்பக்கம் குத்துவதற்குப் பதிலாக வலப்பக்கம் குத்தியிருந்தாள். இன்னும் பழகவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"மேடம், எனக்கு வேடிக்கையா எல்லாம் சொல்ல வராது."

"வேடிக்கையா இருக்கணும்னு யாரு சொன்னா? மனசுல இருக்கதச் சொல்லு."

அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு சொன்னாள். "எங்கம்மா செத்தன்னைக்கு நான் உப்பு வாரிக்கிட்டிருந்தேன், அதுலருந்து அழுகை வந்தா எனக்குக் கண்ணு கலங்காது, உள்ளங்கால்தான் எரியும்."

திரை வெறுமையாக இருந்தது. பிறகு 'கணிப்பு இல்லை' என்று எழுத்து வந்தது. அவள் காலரில் சிவப்பு எரிந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பலர் சிவப்பு விளக்கை நேரில் பார்த்தே வருடங்கள் ஆகியிருக்கும். முப்பது வருடம் படித்ததும் படிப்பித்ததும் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்று ஜெபராணிக்குத் தோன்றியது.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

அவள் அப்படியே திரும்பச் சொன்னாள். இந்த முறை முதல் இரண்டு சொல்லிலேயே திரையில் முழு வாக்கியமும் வந்துவிட்டது. பச்சை எரிந்தது. அதற்கு ஒரு தடவை கேட்டால் போதும். அதை ஜெபராணி அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பேரென்ன?"

"இசக்கியம்மாள், மேடம். நேர்ச்சைக்கு வச்ச பேரு."

"எந்த ஊரு?"

"தூத்துக்குடிக்கு வடக்க, உப்பளம். அங்க இந்தப் பொத்தான் ஆறு மாசம் தாங்காது மேடம், உப்புக்காத்துல அரிச்சிரும். அதனால நாங்க யாரும் போடல. இங்க சேர்ந்த பொறவுதான்."

ஜெபராணிக்கு இருந்த உற்சாகத்தில் வழக்கமாக மூன்றாம் வகுப்பில் நடத்துகிற பாடத்தை அன்றைக்கே நடத்திவிட்டார். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். "எழுதிக்கோங்க. இதுதான் மொழியியல்ல மொதப் பாடம். வாக்கியத்த மட்டும் எழுதி வச்சா அது செல்லாது. யாரோ ஒருத்தர் ஒரு நாள் ஒரு இடத்துல பேசினாத்தான் அது பேச்சு. அதனால வாக்கியத்துக்குக் கீழ பேசியவர் பெயர். அப்புறம் வயசு, பிறந்த ஊர், தாய் தகப்பன் எந்த ஊர், நாள், இடம், எந்தச் சந்தர்ப்பத்துல சொன்னாங்க. பேசியவர் பெயர் இல்லாத அட்டைய நான் கிழிச்சுப் போட்டிருவேன். இன்னைக்கே போட்டு, அட்டையப் படம் எடுத்து, துறைக் களஞ்சியத்துல ஏத்திருங்க. இதான் வீட்டுப்பாடம்."

பிள்ளைகள் இசக்கியைச் சுற்றி நின்று விவரம் கேட்டு எழுதினார்கள். அவள் வெட்கத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெபராணியும் தனக்கொரு அட்டை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு, கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியில் அல்வா வாங்கினார். சர்க்கரை இருக்கிற உடம்பு, ஆனாலும் வாங்கினார்.

புதன்கிழமை மதியம் இசக்கி அவர் அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பை வெளியே விட்டிருந்தாள்.

"உள்ள வாம்மா. செருப்போடயே வரலாம்."

"இல்ல மேடம், தரை குளிர்ச்சியா இருக்கு." நின்றபடியே சொன்னாள். "காலையில ஆஸ்பத்திரிலருந்து சேதி வந்திச்சு. நேத்து சிவப்பு எரிஞ்சுதாம், வந்து பாக்கணுமாம்."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா மேடம்? இது மொதல்ல பக்கவாதம் வந்து பேச்சு போனவங்களுக்குத்தானே செஞ்சாங்க. அப்புறம் நல்லா இருக்கவுங்களுக்கும் போட்டுப் பாத்திருக்காவ. ஒருத்தர் திடீர்னு கணிப்புக்கு மாறாப் பேசினா மூளையில அடைப்பு வரப்போகுதுன்னு அர்த்தமாம். நெசமாவே நெறைய பேரக் காப்பாத்தியிருக்காவ. இப்பக் கொஞ்ச நாளா சிவப்புன்னாலே சீக்குன்னு ஆயிட்டு. எனக்குப் படிச்சுக்கிட்டே பாக்க, துறைமுகத்துல சரக்குப் பெட்டகப் பிரிவுல வேலை சொல்லியிருக்காவ. மூணு மாசம் பச்சை தொடர்ந்து இருக்கணும்னு நிபந்தனை. நேத்து ஒண்ணு மட்டுந்தான்னா தும்மல் இருமல்னு கணக்குல எடுத்துக்காம விட்டிருவாங்களாம். ஆனா நான் வேணும்னே சொன்னேன்னு எழுத்துல இருந்துட்டா, சீர்மையத்துக்குப் போகணும்."

"சீர்மையத்துல என்ன செய்வாங்க?"

"ஊசி மருந்து ஒண்ணும் கெடையாதாம். பேச வைப்பாங்களாம். சிவப்பு எரிஞ்சா வேற மாதிரி சொல்லச் சொல்லுவாங்களாம். பச்சை எரியிற மட்டும். எங்க தெருவுல ஒரு அண்ணன் டவுன் வேலைக்குப் பொத்தான் போட்டு, அங்க போயிட்டு வந்தாரு. நல்லாத்தான் இருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நல்லாத்தான் இருக்காரு மேடம். ஆனா முன்னயெல்லாம் அவர் அளத்துல நின்னு பேசினா நாங்க வேலையப் போட்டுட்டுக் கேப்போம்."

ஜெபராணி மேசையில் கிடந்த கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்த வாக்கியத்த நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க மேடம். எங்கய்யாவுக்குக் கண்ணு தெரியல. உப்புல பட்ட வெயிலப் பாத்துப் பாத்துப் போயிட்டு. அந்த வேலை கெடச்சாத்தான் அவர அங்கருந்து கூட்டிட்டு வரமுடியும்."

சொல்லாமல் என்ன செய்வது? பதினான்கு அலமாரி, ஒரு துறை, முப்பது வருட வாழ்க்கை எல்லாம் ஒரு தட்டில். இன்னொரு தட்டில் இந்த ஒரு பெண். ஒரு நிமிடம் ஜெபராணிக்குச் சபலம் தட்டியது, அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. இவளுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்றும், ஒரு ஆள் சீர்மையம் போய் வந்தால் குடிமுழுகிப் போகாது என்றும் மனசுக்குள் வக்கீல் ஒருவர் எழுந்து பேசினார். பிறகு அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இசக்கியின் முன்னாலேயே நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"போம்மா. நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல."

மற்ற அட்டைகளின் நினைப்பு அவருக்கு வரவில்லை. இசக்கிக்கும் வரவில்லை. இருபத்துநான்கு வருடமாக வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறவர் அதை ஆதாரமாக என்றைக்காவது நினைத்திருப்பாரா? பிள்ளைகள் பழகுவதற்குப் போடுகிறது, மதிப்பெண் கொடுத்ததும் மறந்துபோகிறது. அப்படித்தான் அவர் மூளையில் அது இருந்தது.

வியாழக்கிழமை ஆட்சிக்குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். துணைவேந்தரின் பிரதிநிதி, இரண்டு பேராசிரியர்கள், கோமதிநாயகம், சீர்மையத்திலிருந்து வந்திருந்த மருத்துவர் ஒருவர். மருத்துவர் சாந்தமான முகம் உள்ள மனிதர். ஜெபராணிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

"சொல்லுங்க மேடம்" என்றார் கோமதிநாயகம். இருப்புக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல ஒண்ணுமில்ல" என்றார் ஜெபராணி. "பத்தொம்பது பேரும் பச்சை. முன்சொல்லி கணிக்காத வாக்கியம் எதுவும் கெடைக்கல. நீங்க முடிவெடுக்கலாம்."

கோமதிநாயகத்தின் முகம் மாறியது. அக்கா எதற்கோ தயங்குகிறார், தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துக்கொண்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. "மேடத்துக்கு எப்பவும் அடக்கம் ஜாஸ்தி" என்று சொல்லி வாயை மூடினார். மிச்சத்தைப் பொத்தான் சொன்னது. "துறைக் களஞ்சியத்தை இன்று காலை நானே பார்த்தேன். ஆதாரம் அங்கே இருக்கிறது."

திரையில் அட்டைகள் வந்தன. வரிசையாக, அழகான கையெழுத்துகளில். எங்கம்மா செத்தன்னைக்கு. எங்கம்மா செத்தன்னைக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே பேசியவர் பெயர்: இசக்கியம்மாள். வயது பத்தொன்பது. பிறந்த ஊர். தகப்பனார் ஊர். நாள், மணி. சந்தர்ப்பம் என்ற இடத்தில் 'ஆசிரியர் கேட்டதன்பேரில், யோசித்துச் சொன்னது' என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். ஒரு விவரம் விடவில்லை. ஜெபராணி இருபத்துநான்கு வருடத்தில் இவ்வளவு ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்த வகுப்பைப் பார்த்ததில்லை.

மருத்துவர் எல்லா அட்டைகளையும் நிதானமாகப் படித்தார். "ரொம்ப நல்ல வேலை மேடம்" என்றார். "நாங்க ஒரு ஆளக் கண்டுபிடிக்க மாசக்கணக்கா ஆகும். சாதாரணப் பேச்சுல இது வெளிய வராது. நீங்க ஒரே கேள்வியில கொண்டுவந்துட்டீங்க. கேள்வியே இதுக்குன்னு செஞ்ச மாதிரி இருக்கு."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு சீக்கும் இல்ல. அவங்கம்மா செத்துப்போனாங்க. அதச் சொன்னா. அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் அம்மா சாகத்தான் செய்வாங்க மேடம்" என்றார் அவர், மிகுந்த பரிவோடு. "எல்லாரும் அதுக்கு ஒரு மாதிரிதான் பேசுவாங்க. இந்தப் பொண்ணு ஏன் இப்படிப் பேசுதுன்னு பாக்கணும்ல. பயப்படாதீங்க, இருபத்தோரு நாள்தான்."

ஜெபராணி அதற்குப் பிறகும் பேசினார். மேசையைத் தட்டினார். இது வியாதி இல்லை, பேச்சு என்பதே இதுதான், மனிதன் குரங்கிலிருந்து பிரிந்ததே இதனால்தான் என்று கத்தினார். அவர் இப்படிப் பேசுவார் என்பது எதிர்பார்த்ததுதான் போலும், ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கூட்டம் முடிந்தபோது மொழியியல் துறை பிழைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு இல்லை, நிரந்தரமாக. அடுத்த வருடத்திலிருந்து எந்தத் துறையில் சேர்ந்தாலும் எல்லா மாணவரும் மொழியியல் அறிமுக வகுப்பின் முதல் நாளில் கட்டாயம் உட்கார வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கோமதிநாயகம் வெளியே வந்து, "பாத்தீங்களா அக்கா" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாலையில் இசக்கி கூப்பிட்டாள். எடுப்பதற்கே ஜெபராணிக்குக் கை வரவில்லை.

"நான் சொல்லலம்மா. என் அட்டைய நீ பாக்கத்தான கிழிச்சேன். பிள்ளைக போட்ட அட்டை அங்க இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. என்ன மன்னிச்சிரு."

"தெரியும் மேடம். எனக்கும் தோணல." அவள் குரலில் கோபம் இல்லாதது இன்னும் கொடுமையாக இருந்தது. "அங்க எத்தன அட்டை இருந்திச்சு மேடம்?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதாவது நான் போட்டது. எல்லாரும் போட்டாங்கல்லா, நானும் போட்டேன். பேசியவர் பெயர்னு இருந்த எடத்துல எம்பேர எழுதினேன். படிப்புல எம்பேரு ஒரு எடத்துல வருதேன்னு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன்." பிறகு, "வண்டி வந்திட்டு மேடம், வைக்கட்டா" என்றாள்.

ஒரு வருடம் போனது. இசக்கிக்கு அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. அவளைப் பார்க்க ஜெபராணி இரண்டு முறை சீர்மையத்துக்குப் போனார், பார்வையாளர் சிவப்பைத் தூண்டக்கூடும் என்று உள்ளே விடவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று ராஜினாமாக் கடிதம் எழுதினார். விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க வேறொருவரை உட்கார வைப்பார்கள், அவர் இன்னும் கெட்டிக்காரராகக் கேட்டுத் தொலைத்துவிடுவார் என்று நினைத்து அதை மேசை இழுப்பறையிலேயே போட்டு வைத்தார். நான் கேட்டால் கொஞ்சம் மோசமாகவாவது கேட்கலாம். இவ்வளவுதான் அவருக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை.

ஜூலை மாதம் பெரிய அரங்கில் முதல் வகுப்பு. அறுநூறு பேர். எல்லாத் துறைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஓரத்தில் மருத்துவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் பெயர்ப் பட்டியல். மூன்றாவது வரிசையில் இசக்கி இருந்தாள். சீர்மையம் போய் வந்தவர்கள் சான்றிதழ் வாங்க இந்த வகுப்பில் இன்னொரு முறை உட்கார வேண்டுமாம். சதை போட்டிருந்தாள். பொத்தான் இடப்பக்கம் ஒழுங்காகக் குத்தியிருந்தது. ஜெபராணியைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜெபராணி மேடையில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்தான், ஆனாலும் மேடையில் நின்று ஜெபித்தது அதுவே முதல் தடவை. ஆண்டவரே, இன்றைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் புதிதாக எதையும் சொல்லிவிடக் கூடாது.

பிறகு கேள்வியைக் கேட்டார். முடிந்த மட்டும் சுரத்தில்லாமல், பஸ் நேரம் சொல்வது போலக் கேட்டார்.

முதல் பையன் எழுந்தான். பூஞ்சையான, கண்ணாடி போட்ட பையன். அவனை வகுப்பில் விட வந்த அம்மா இன்னும் வராந்தாவில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் "எங்கம்மா செத்தன்னைக்கு" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான். மிச்சத்தை அவன் பொத்தான் அவன் குரலில் சொன்னது. "நான் உப்பு வாரிக்கிட்டிருந்தேன், அதுலருந்து அழுகை வந்தா எனக்குக் கண்ணு கலங்காது, உள்ளங்கால்தான் எரியும்."

பச்சை எரிந்தது. வராந்தாவில் அவன் அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அடுத்தவள் எழுந்தாள். எங்கம்மா செத்தன்னைக்கு. பச்சை. அடுத்தவன். பச்சை. யாரும் சொல்லாத வாக்கியம் கேட்டால் சொல்ல வேண்டியது எது என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டு வரிசை முடிந்தபோது அறுபது அம்மாக்கள் செத்திருந்தார்கள். சிலர் வாக்கியத்தைக் கேட்டு நெகிழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மருத்துவர் பட்டியலை மடித்து வைத்துவிட்டார். ஜெபராணியின் ஜெபம் கேட்கப்பட்டது.

மூன்றாவது வரிசையில் இசக்கியின் முறை வந்தது. "எங்கம்மா செத்தன்னைக்கு" என்றாள், வாயை மூடினாள். மிச்சத்தை அது சொன்னது. பச்சை.

ஜெபராணி மேடையை விட்டு இறங்கி அவளருகே போனார். "இசக்கி, இது நீ சொன்னதும்மா."

"எல்லாரும் சொல்லுததுதானே மேடம்" என்றாள் அவள். பச்சை.

"உள்ளங்கால் எரியுதா இப்பவும்?"

இசக்கி வாயைத் திறப்பதற்குள் திரையில் பதில் வந்துவிட்டது. 'இல்லை மேடம், நல்லா இருக்கேன்.' அவள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும் என்று திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஜெபராணி அவள் காலைப் பார்த்தார். செருப்பு போட்டிருந்தாள். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னது ஞாபகத்திலிருந்தா, பொத்தானிலிருந்தா? கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. முப்பது வருடப் படிப்பில் அதற்கு ஒரு முறையும் கிடையாது.

பாடத்திட்டப்படி அடுத்தது அட்டை. அறுநூறு பேருக்கும் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதினார்கள். பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், பேசியவர் பெயர்னு போட்டிருக்கே. அதுல யார் பேர எழுத?"

அறுநூறு பேனாக்கள் காத்திருந்தன. ஜெபராணி இசக்கியைப் பார்த்தார். அவளும் பேனாவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் போலவே பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அத விட்டிருங்க" என்றார் ஜெபராணி.

இசக்கி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தாள்.